மறக்கத் தெரிந்த எஃகு

நவி மும்பையின் சான்பாடா அடுக்குமாடிகளில் பழைய பேப்பர் எடுக்க வருபவரின் கையில் ஒரு கொக்கித் தராசு இருக்கும். செய்தித்தாள் கட்டை மாட்டினால் உள்ளே இருக்கும் சுருள்வில் நீளும், முள் இறங்கும். கட்டை எடுத்த பிறகு முள் பூஜ்யத்துக்குத் திரும்ப வேண்டும். பழைய தராசு என்றால் திரும்பாது. பூஜ்யத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிடும். வீட்டுக்காரர் முகத்தில் சந்தேகம் படரும்.

அங்கிருந்து நடக்கிற தூரத்தில் துர்பே. 1980களிலும் 1990களிலும் தென் மும்பையிலிருந்து படிப்படியாக இடம் மாறி வந்த மொத்தச் சந்தை அங்கேதான் இருக்கிறது. நாசிக் வெங்காயம் ஏற்றிய பல அச்சு லாரி ஒன்று எடைமேடையில் ஏறி நிற்கிறது. சில நொடிகளில் திரையில் எண் வருகிறது: 40 டன்னும் சில பத்துக் கிலோக்களும். எண்கள் பத்துப் பத்துக் கிலோவாக நகர்கின்றன. அந்த ஒற்றைச் சீட்டை நம்பி விற்பவர், வாங்குபவர், லாரிக்காரர் மூவரும் கணக்கு முடிக்கிறார்கள்.

தராசும் மேடையும் செய்கிற வேலை ஒன்றுதான். சுமை ஏறினால் எஃகு கொஞ்சம் வடிவம் மாறுகிறது. எவ்வளவு மாறியது என்று பார்த்து எடையைச் சொல்கிறோம். அப்படியிருக்க, நாலு கிலோ பேப்பரைத் தூக்கிய வில் ஏன் பழைய இடத்துக்குத் திரும்புவதில்லை? ஆயிரக்கணக்கான லாரிகளைச் சுமந்த எஃகு ஏன் திரும்பிவிடுகிறது? மேடையில் மின்னணுக் கருவி இருக்கிறது என்பது பாதி பதில்கூட இல்லை. வடிவம் மாறிய எஃகு திரும்பி வராவிட்டால் எந்த மின்னணுக் கருவியாலும் அதைத் திரும்ப வைக்க முடியாது. மீதிப் பதிலைத் தேட உலைக்குப் போக வேண்டும்.

மேடைக்கு அடியில் என்ன இருக்கிறது

மேடையின் மூலைகளுக்குக் கீழே, நாலோ ஆறோ எட்டோ, எஃகுக் கட்டைகள் உட்கார்ந்திருக்கின்றன. தொழிலில் இருப்பவர்கள் லோடு செல் என்பார்கள். செய்யும் வேலையை வைத்து இங்கே விசை உணரி என்று அழைப்போம். லாரியின் முழு எடையும் இவற்றின் வழியாகத்தான் தரைக்கு இறங்குகிறது.

கட்டையின் மேல் நகத்தைவிடச் சிறிய நாலு பட்டைகள் ஒட்டப்பட்டிருக்கும். ஒவ்வொன்றும் மெல்லிய பிளாஸ்டிக் படலம். அதில் வளைந்து வளைந்து போகும் உலோக இழை. எஃகு சுருங்கினால் அதோடு ஒட்டிய இழையும் சுருங்கும். இழையின் நீளம் மாறினால் அதன் மின்தடை மாறும். கம்பியை இழுத்தால் மின்தடை மாறுகிறது என்பதை 1856இலேயே கெல்வின் பிரபு சோதித்துக் காட்டிவிட்டார். அதைக் கருவியாக்க 80 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1938இல் அமெரிக்காவின் மேற்குக் கரையில் எட்வர்ட் சிம்மன்ஸும் கிழக்குக் கரையில் ஆர்தர் ரூஜும், ஒருவரை ஒருவர் அறியாமல், கம்பியை ஒட்டிப் பார்க்கும் யோசனைக்கு வந்தார்கள். ரூஜ் அப்போது நிலநடுக்கத்தில் தண்ணீர்த் தொட்டிகள் என்ன ஆகும் என்று மாதிரி வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். எடைமேடை அவர் நினைவிலேயே இருந்திருக்காது.

இந்தப் பட்டைக்குத் திரிபுமானி என்று பெயர் வைத்துக்கொள்வோம். நீளம் எந்த விகிதத்தில் மாறியது என்பதே திரிபு.

ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று

இனி ஒரே ஒரு கணக்கு. அத்தியாயம் முழுக்க இதுவே போதும்.

40 டன் லாரி, நாலு உணரிகள். ஒன்றுக்குப் பத்து டன் பங்கு. உணரியின் நடுப்பகுதி 25 மில்லிமீட்டர் விட்டமும் பத்து சென்டிமீட்டர் உயரமும் கொண்ட எஃகுத் தூண் என்று வைத்துக்கொள்வோம். (உண்மையில் அவசரத்துக்கு இடம் வைத்து இதைவிடத் தடிமனாகச் செய்வார்கள். அப்போது திரிபு இன்னும் குறையும், வேலை இன்னும் கடினமாகும்.)

தூணின் குறுக்குப் பரப்பு ஏறத்தாழ 490 சதுர மில்லிமீட்டர். பத்தாயிரம் கிலோவை அதில் பகிர்ந்தால் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரிலும் 20 கிலோ அழுத்துகிறது. எஃகு இந்த அழுத்தத்துக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு சுருங்கும். பத்து சென்டிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று என்றால் 0.1 மில்லிமீட்டர், ஒரு காகிதத்தின் தடிமன். பத்து டன்னுக்கு மொத்தச் சுருக்கமே அவ்வளவுதான்.

அதற்குள்தான் பத்தாயிரம் கிலோவும் அடங்க வேண்டும். பத்துக் கிலோ வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க 0.1 மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கி ஒரு கூறைப் பார்க்க வேண்டும். அது 100 நானோமீட்டர். கண்ணுக்குத் தெரியும் ஊதா ஒளியின் அலைநீளத்தில் கால் பங்கு. இரும்பின் படிக அறை ஒன்றின் அகலம் 0.287 நானோமீட்டர் என்பதால், ஏறக்குறைய 350 அறைகளின் நீளம். அதாவது, இந்தத் தூண் 350 அணு அறைகளின் அளவுக்குத் திரும்பி வராமல் போனாலே, அந்த உணரி பத்துக் கிலோ பொய் சொல்கிறது.

ஆகவே இங்கே எஃகிடம் எதிர்பார்ப்பது வலிமையை மட்டும் அல்ல. சுமை இருக்கும்வரை அதை உணர வேண்டும். இறங்கிய கணமே சுவடில்லாமல் மறந்துவிட வேண்டும். கொக்கித் தராசின் வில் மறக்கத் தெரியாத எஃகு.

நெருப்பால் மாறாத ஒன்று

அரிவாள் செய்யும் கொல்லர் எஃகைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கித் தோய்ச்சல் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். தோய்ச்சல் ஏறிய எஃகு அரத்துக்குக்கூட மசியாது. ஆகவே அது விறைப்பானது, சுமைக்குக் குறைவாகவே வளையும் என்று நமக்குத் தோன்றும். இயந்திரப் பட்டறைகளிலும் பலர் அப்படியே நம்புகிறார்கள்.

அது சரியல்ல. ஒரே எஃகில் இரண்டு தூண் செய்வோம். ஒன்றை உலையிலேயே மெல்ல ஆறவிட்டு மிருதுவாக வைப்போம். இன்னொன்றுக்குத் தோய்ச்சல் போட்டு, மறுபடி மிதமாகச் சூடாக்கிப் பதம் செய்வோம். இரண்டின் மேலும் பத்து டன் வைத்தால் இரண்டும் அதே 0.1 மில்லிமீட்டர்தான் சுருங்கும். ஓரிரு சதவிகித வித்தியாசம் வரலாம். அப்படி வந்தாலும் கடினமாக்கிய தூண்தான் சற்றே அதிகமாக இணங்கும். எஃகின் விறைப்பு இரும்பு அணுக்கள் ஒன்றையொன்று இழுத்துப் பிடிக்கும் வலுவால் வருவது. உலை அந்தப் பிடிப்பை ஏறக்குறைய தொடுவதே இல்லை.

அந்த ஓரிரு சதவிகிதமும் எடைக்குத் தொந்தரவு தராது. பத்து டன்னில் இரண்டு சதவிகிதம் 200 கிலோ. கேட்கப் பெரிதாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு உணரியும் உலையிலிருந்து வந்த பிறகுதான் தெரிந்த எடையை வைத்துச் சரிபார்க்கப்படுகிறது. இன்று அதிகமாகக் காட்டி, நாளையும் அதே அளவு அதிகமாகக் காட்டினால், அதைக் கழித்துவிடலாம். நாளுக்கு நாள் மாறும் பிழைக்கு மருந்து கிடையாது. விசை உணரியில் தோய்ச்சலும் பதமும் சேர்ந்த வெப்பப் பதனத்தின் வேலை மாறாத நடத்தையைத் தருவது. வலிமை அதனோடு சேர்ந்து வரும் பலன்.

திரும்பி வருதலின் எல்லை

இரண்டு தூண்களிலும் சுமையை ஏற்றிக்கொண்டே போனால் வித்தியாசம் தெரியும். உணரிகளுக்கு அதிகம் பயன்படும் நிக்கல்-குரோமியம்-மாலிப்டினம் எஃகை எடுத்துக்கொள்வோம்; ஈ.என். 24 என்ற பெயரில் இந்தியப் பட்டறைகள் எல்லாவற்றுக்கும் தெரிந்தது. மிருதுவான நிலையில் சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 48 கிலோவில் அது நிரந்தரமாக நசுங்கத் தொடங்கும். தோய்ச்சலும் பதமும் பெற்ற பிறகு 100 கிலோவைத் தாண்டியும் தாங்கும்.

நம் தூணுக்கு 20 கிலோதானே, மிருதுவான எஃகே போதாதா என்று கேட்கலாம். லாரி மேடை மேல் பிரேக் போட்டால் ஒரே மூலையில் இரு மடங்குச் சுமை விழும் என்பது ஒரு பதில். இன்னொரு பதில் நுட்பமானது. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது.

பொறியியல் புத்தகங்களில் ஒரு எஃகின் நசுங்கும் எல்லை என்று தரப்படும் எண், 0.2 சதவிகிதம் நிரந்தரமாக வடிவம் மாறிய இடத்தில் குறிக்கப்படுகிறது. பாலம் கட்டுபவருக்கு 0.2 சதவிகிதம் அற்பம். நம் தூணில் பத்து டன்னுக்கே 0.1 சதவிகிதம்தான் சுருக்கம். அப்படியானால் 0.2 சதவிகித நிரந்தர மாற்றம் என்பது 20 டன் பொய். புத்தகத்தில் போட்டிருக்கும் எல்லைக்கு வெகு முன்னாலேயே, பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவில், எஃகு சத்தமில்லாமல் நழுவத் தொடங்கிவிடுகிறது. பத்து லட்சத்தில் ஒரு பங்கு, நம் கணக்கில் சரியாகப் பத்துக் கிலோ. அந்த நுண்ணிய நழுவலைத் தள்ளிப்போடுவதற்காகத்தான் கடினமாக்குகிறோம்.

நழுவுவது என்ன? எஃகுக்குள் இரும்பு அணுக்கள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அடுக்கு எங்குமே ஒழுங்காக இருப்பதில்லை. சில வரிசைகள் பாதி வழியில் நின்றுபோயிருக்கும். இந்த வரிசைப் பிசகுகள் சிறு விசைக்கும் இடம் பெயரும். சுமை இறங்கினாலும் பழைய இடத்துக்கு வராது. மிருதுவான எஃகில் அவை தாராளமாக அலையும். ஏறும்போது ஒரு வழி, இறங்கும்போது வேறு வழி என்று போவதால், அதே ஐந்து டன்னுக்கு ஏற்றத்தில் ஒரு எண்ணும் இறக்கத்தில் ஒரு எண்ணும் காட்டும். பள்ளிப் பாடநூல்கள் காந்தவியலில் தயக்கம் என்று சொல்லும் அதே குணம்தான் இது.

உலைக்குள்

ஈ.என். 24 எஃகை ஏறத்தாழ 850 டிகிரிக்குச் சூடாக்கினால் இரும்பின் படிக அடுக்கு வேறு வடிவம் எடுக்கிறது. அந்த வடிவத்தில் கரி அணுக்கள் தங்க இடம் உண்டு. எண்ணெயில் சட்டென்று குளிர்வித்தால் இரும்பு பழைய, இடமில்லாத அடுக்குக்குத் திரும்பப் பார்க்கிறது. கரி அணுக்கள் வெளியேற நேரமில்லை. சான்பாடா நிலையத்தில் காலை எட்டரை மணிக்கு நடைமேடையில் இடைவெளி விட்டு நின்ற கூட்டம் முழுவதும் ஒரே ஹார்பர் லைன் ரயில் பெட்டிக்குள் திணிந்தால் எப்படியோ, அப்படி நெருக்கியடித்து, அடுக்கையே கோணலாக்கி உட்காருகின்றன. வரிசைப் பிசகுகள் நகர வழியில்லை. எஃகு கண்ணாடிபோல் கடினமாகிறது, கண்ணாடிபோலவே உடையவும் உடைகிறது.

இந்த நிலையிலேயே உணரி செய்தால் என்ன? முதல் சில வாரங்கள் நன்றாக வேலை செய்யும். பிறகு நெருக்கடியில் இருக்கும் கரி அணுக்கள் அறை வெப்பத்திலேயே மெல்ல மெல்ல இடம் மாறும். குளிர்விக்கும்போது வெளிப்புறம் முந்தியும் உள்ளே பிந்தியும் ஆறியதால் பூட்டிக்கொண்ட உள்ளிறுக்கம் தளரும். எடையே வைக்காமல் பூஜ்யம் நகரும்.

அதனால்தான் பதமிடுதல். மறுபடி 450 டிகிரிக்கு மேல், ஆனால் சிவக்காத அளவுக்குச் சூடாக்கி மணிக்கணக்கில் வைத்திருப்பது. கரி அணுக்கள் கூடிக் கண்ணுக்குத் தெரியாத கார்பைடு துகள்களாக உறைகின்றன. உள்ளிறுக்கம் கரைகிறது. கொஞ்சம் கடினம் குறைகிறது. துகள்களோ வரிசைப் பிசகுகளை ஆங்காங்கே ஆணி அடித்தாற்போல் நிறுத்திவிடுகின்றன. பரப்பில் ஏறும் நிறத்தைப் பார்த்தே பழைய கொல்லர்கள் தங்கள் பதமிடும் சூட்டைக் கணித்தார்கள்: வைக்கோல் மஞ்சள் என்றால் 230 டிகிரி, நீலம் என்றால் 300. கண்ணால் இவ்வளவு நெருக்கமாகப் பிடித்தது பெரிய கலை. உணரிக்கு அது போதாது. ஒரே உலையின் இரு மூலைகளில் பத்து டிகிரி வேறுபட்டாலே இரண்டு உணரிகளும் இரண்டு விதமாக நடந்துகொள்ளும்.

இன்னொரு வம்பும் உண்டு. குளிர்விக்கும்போது ஓரிரு சதவிகிதம் இரும்பு பழைய அடுக்குக்குத் திரும்பாமல் உயர்வெப்ப அடுக்கிலேயே மிஞ்சிவிடலாம். பிறகு மாதங்கள் கழித்து மாறும். மாறும்போது அந்தப் பகுதி ஏறத்தாழ நாலு சதவிகிதம் பருக்கும். தூணில் ஒரு சதவிகிதம் மட்டும் இப்படி மாறினால் நீளம் பத்து லட்சத்தில் 130 பங்கு கூடும். நம் கணக்கில் 1.3 டன்! நல்லவேளையாக, எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி பருத்தால் நாலு திரிபுமானிகளின் இணைப்பு அதை ஒன்றுக்கொன்று கழித்துவிடும். ஆனால் ஒரே மாதிரி நடக்கும் என்று நம்பி உட்கார முடியாது. அதனால் கவனமானவர்கள் பூஜ்ய டிகிரிக்கு வெகு கீழே உறைகுளிரில் வைத்து அந்த மிச்சத்தையும் மாற்றிய பிறகே பதமிடுகிறார்கள்.

தோல் பிரச்சினை

திரிபுமானி எஃகின் உள்ளே இல்லை, மேல் பரப்பில் இருக்கிறது. சாதாரண உலையில் 850 டிகிரியில் காற்று பட்டால் பரப்பிலிருக்கும் கரி எரிந்து போய்விடும். உள்ளே கடினமான எஃகு, மேலே ஒரு மில்லிமீட்டரின் சிறு பங்கு தடிமனில் கரி இழந்த மிருதுவான தோல். கடினத்தைச் சோதிக்கும் கருவி ஆழமாகக் குத்திப் பார்த்து எல்லாம் சரி என்று சொல்லக்கூடும். உணரியோ அந்தத் தோலின் பேச்சைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறது. வெற்றிட உலை அல்லது காற்றைக் கட்டுப்படுத்திய உலை, அல்லது பதமிட்ட பிறகு தோலை அரைத்து எடுப்பது: இவற்றில் ஒன்று கட்டாயம் வேண்டும். மலிவான உணரியில் முதலில் வெட்டு விழுவது இந்தச் செலவில்தான் என்பது என் எண்ணம்.

அரை மணி நேரம் நின்ற லாரி

லாரியை மேடையில் அரை மணி நேரம் நிறுத்திவையுங்கள். எடை மாறக் கூடாது. ஆனால் எஃகு சுமையின் கீழ் மிக மெதுவாக இன்னும் கொஞ்சம் சுருங்கிக்கொண்டே இருக்கும். இதை ஊர்வு என்போம். பத்து டன் தூணில் ஊர்வு எவ்வளவு அனுமதிக்கப்படுகிறது? பன்னாட்டுச் சட்டமுறை அளவியல் அமைப்பு வகுத்த சி3 வகை உணரிக்கு, முழுச் சுமையில் 30 நிமிடத்தில் 0.0245 சதவிகிதம். பத்து டன்னில் இரண்டரைக் கிலோ. நீளத்தில் 25 நானோமீட்டர்.

பதமிட்ட எஃகிலும் இவ்வளவு சிறிய ஊர்வை முற்றாக ஒழிக்க முடிவதில்லை. இங்கே உணரி செய்பவர்கள் கண்ட வழியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்புதான். எஃகு ஊர்வதால் எண் மெல்ல ஏறும். திரிபுமானியை ஒட்டிய பசையும் படலமும் சுமையின் கீழ் மெல்லத் தளரும். இழை தன் பிடிப்பைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். அதனால் எண் இறங்கும். ஒன்று ஏற்றுகிறது, ஒன்று இறக்குகிறது. இழை திரும்பி வளையும் முனைகளை நீளமாகச் செய்தால் தளர்வு குறையும், குட்டையாகச் செய்தால் கூடும். ஆகவே முனைநீளம் வேறு வேறாகப் பல திரிபுமானிகளைச் செய்துவைத்து, தம் எஃகின் ஊர்வுக்கு ஈடுகட்டுவது எது என்று சோதித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். இரண்டு குறைகள் ஒன்றையொன்று கழித்துவிடுகின்றன.

இந்த ஏற்பாடு எவ்வளவு மெல்லிய இழையில் தொங்குகிறது என்று பாருங்கள். முனைநீளம் தேர்ந்தது ஒரு குறிப்பிட்ட பதத்துக்கு. அடுத்த தொகுதியை உலையில் வைக்கும்போது பதமிடும் சூடு சற்று விலகினால் எஃகின் ஊர்வு மாறும், பசையின் தளர்வு அப்படியே இருக்கும், கழித்தல் பிசகும். உலைக்காரர் பத்திரத்தில் எழுதிவைக்கும் சூடும் நேரமும் ஆண்டுகள் கழித்து துர்பேயில் ஒரு லாரியின் சீட்டில் கிலோக்களாக வெளிப்படும்.

மழையும் உப்புக் காற்றும் உள்ள ஊருக்கு வேறொரு எஃகும் உண்டு: 17 சதவிகிதம் குரோமியமும் 4 சதவிகிதம் நிக்கலும் கொண்ட, 17-4 பி.எச். எனப்படும் துருப்பிடிக்காத எஃகு. இதில் கரிக்குப் பதில் செம்பு. 482 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால் செம்பு நுண்துகள்களாகத் திரண்டு வரிசைப் பிசகுகளைப் பிடித்துக்கொள்ளும். தாணே கழிமுகத்தின் காற்று வீசும் சான்பாடா பக்கத்தில், ஜூலையில் மேடைக் குழி தண்ணீரில் நிற்கும்போது, இந்த எஃகின் அருமை தெரியும்.

உலையால் ஆகாத வேலை

மே மாத மதியம் மேடை கொதிக்கிறது. சூடேறினால் எஃகின் விறைப்பு குறையும்: பத்து டிகிரிக்கு ஏறத்தாழ 0.27 சதவிகிதம். 40 டன்னில் நூறு கிலோவுக்கு மேல், இரண்டு மூட்டை வெங்காயம். எவ்வளவு நன்றாகப் பதமிட்டாலும் சாதாரண எஃகில் இது மாறாது. சூட்டில் விறைப்பு மாறாத எலின்வார் என்ற கலப்புலோகத்தைக் கைக்கடிகார வில்லுக்காகக் கண்டவர் சார்ல் எதுவார் கியோம். நிக்கல் எஃகு ஆய்வுகளுக்காக 1920இல் இயற்பியல் நோபல் பெற்றவர். விலை அதிகம் என்பதால் எடைமேடையில் அதைக் காண முடியாது. பதிலாக, உணரிக்குள் ஒரு நிக்கல் தடையைச் சேர்க்கிறார்கள். சூடேறினால் அதன் மின்தடை ஏறி, திரிபுமானிகளுக்குப் போகும் மின்னழுத்தத்தைத் தேவையான அளவு குறைத்துவிடும்.

மேடையருகே நின்று பார்க்கக்கூடியவை

சரக்கு விற்பவரோ வாங்குபவரோ எஃகின் பதத்தைக் கண்ணால் பார்க்க முடியாது. அதன் நடத்தையைப் பார்க்கலாம். லாரி ஏறுமுன் திரையில் பூஜ்யம் இருக்கிறதா, இறங்கியதும் உடனே அதே பூஜ்யம் வருகிறதா என்று பாருங்கள். கொஞ்சம் எடை மிஞ்சி, நிமிடங்களில் தானே கரைந்தால் அது ஊர்வு. கரையாமல் நின்றால் எஃகு நிரந்தரமாக நசுங்கியிருக்கலாம், அல்லது மேடைக்கும் சுவருக்கும் இடையில் கல்லோ மண்ணோ சிக்கியிருக்கலாம். முதலில் கல்லைத் தேடச் சொல்லுங்கள். ஒரே லாரியை முன் பக்கமாக ஒரு முறை, திருப்பி ஒரு முறை ஏற்றிப் பார்த்தால் மூலைக்கு மூலை உள்ள வித்தியாசம் தெரியும். மதியம் போட்ட எடையும் அதிகாலையில் போட்ட எடையும் ஒரே பக்கமாக விலகிக்கொண்டே இருந்தால் வெப்ப ஈடு சரியில்லை.

சட்டமுறை அளவியல் சட்டம், 2009இன்படி எடைமேடையை ஆண்டுதோறும் தெரிந்த எடைக்கற்களோடு சரிபார்த்து முத்திரையிட வேண்டும். ஆய்வகங்களில் பிற கருவிகளைச் சரிபார்க்கவே வைத்திருக்கும் உயர்தர விசை உணரிகளுக்கும் ஐ.எஸ்.ஓ. 376 தரம் 26 மாதங்களுக்கு மேல் தவணை தருவதில்லை. அந்தத் தரத்தின்படி செய்யும் சோதனையில் முதல் மூன்று முறை முழுச் சுமையை ஏற்றி இறக்குவதை முன்சுமை என்கிறார்கள். நுண்ணிய நழுவல் ஏதேனும் மிச்சமிருந்தால் அது அப்போதே நடந்து முடியட்டும் என்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். அளவைக் குறிப்பது அதற்குப் பிறகுதான்.